இன் பேக்கா, அவுட் பேக்கா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் மனைவி சரோஜாவை என் மகன் கார்த்திக் ‘புளுகுணி’ என்று சொல்லிவிட்டான். அதுவும் ஜெர்மனியிலிருந்து போன் போட்டு.

பெரிய குடும்பச் சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். விஷயம் ஒரு கார் ரேஸ்.

கார்த்திக் பெங்களூரில் வேலை பார்த்தபோது, டிவியில் மாட்டி விளையாடும் கேம் பெட்டி ஒன்றை வாங்கினான். ‘கன்சோல்’ என்று சொல்ல வேண்டுமாம். ஜெர்மனிக்குப் போகும்போது அதை எங்கள் ஓசூர் வீட்டில் வைத்துவிட்டுப் போனான். நான் ஃபேக்டரிக்குப் போய்விடுவேன். வீட்டில் சரோஜாவும் அந்தப் பெட்டியும்தான். தூசி தட்டுகிறேன் பேர்வழி என்று ஒருநாள் ஸ்விட்சைப் போட்டுப் பார்த்திருக்கிறாள். டிவியில் ஒரு மலைப்பாதை. அதில் ஒரு சிவப்புக் கார், ‘வர்றியா?’ என்று கேட்பதுபோல உறுமிக்கொண்டு நின்றிருக்கிறது.

போயே விட்டாள்.

சரோஜாவுக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. என் ஸ்கூட்டரில் பின்னால் உட்காரும்போதே கண்ணை மூடிக்கொள்கிற ஆள். ஆனால் அந்த மலைப்பாதையில் அவள் போகிற போக்கு இருக்கிறதே... நான் பேப்பரை இறக்கிவிட்டுப் பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு விசேஷம், ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடிப்பாள். அந்த ஆட்டத்தில் ஹாரனுக்கென்று ஒரு பட்டன் இருக்கிறது. அதை உலகத்தில் யாரும் தொடுவதில்லை என்று கார்த்திக்கே சொல்லியிருக்கிறான்.

“ரேஸ்ல எதுக்கு ஹாரன்?” என்று கேட்டேன்.

“வளைவுல எதிர்ல என்னா வருதுன்னு யாருக்குத் தெரியும்? சானமாவு ரோட்டுல திரும்புனா யானையே நிக்குதில்ல?”



இப்படி ஹாரன் அடித்துக்கொண்டே போனவள்தான் ஒருநாள் சாயங்காலம், நான் செருப்பைக் கழற்றும் முன்பே வாசலுக்கு ஓடி வந்தாள். “என்னாங்க, அந்தக் கர்நாடகா வண்டிய முந்திட்டன்!”

எந்த கர்நாடகா வண்டி? உள்ளே போய்ப் பார்த்தேன். திரையில் வேகப் பட்டியல். யார் அதிவேகமாக ஓட்டினார்களோ அவர்களுடைய பேரின் மூன்று எழுத்து அதில் வரும். இத்தனை நாளும் உச்சியில் உட்கார்ந்திருந்த எழுத்துகள் கே, ஏ, ஆர். கே ஏ என்று ஆரம்பித்ததால் அதை கர்நாடகா நம்பர் பிளேட் என்றே நினைத்துத் துரத்தியிருக்கிறாள்! எங்கள் ஊரில் ரோட்டில் இறங்கினால் பாதி வண்டி கே ஏ தானே... அவளைக் குறை சொல்ல முடியாது.

அது கார்த்திக்கின் பேர். கார்த்திக்கின் ரெக்கார்டு.

இப்போது அது இரண்டாமிடத்துக்கு இறங்கியிருந்தது. முதலிடத்தில் ஏ, ஏ, ஏ. ஜெயித்தவர் பேரைப் போடச் சொல்லித் திரையில் ஏ என்ற எழுத்து மினுக்கியிருக்கிறது. அதை எப்படி மாற்றுவது என்று தெரியாமல் மூன்று தடவையும் ஓகே அழுத்திவிட்டாள்.

அதனால்தான் வந்தது வினை. ஞாயிற்றுக்கிழமை போனில் பெருமையாகச் சொன்னாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டது.

“அம்மா, அந்த டைமை என் ஃப்ரெண்ட்ஸ் யாராலயும் உடைக்க முடியல. பக்கத்து வீட்ல யாராச்சும் வந்து ஆடுனாங்களா?”

“நான்தான்டா ஓட்டுனன்.”

“பேர் என்ன போட்டிருக்கு?”

“ஏ, ஏ, ஏ.”

“பாத்தியா! உன் பேரு எஸ்ல ஆரம்பிக்குது. சும்மா புளுகாதம்மா, புளுகுணி!”

அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவளும் சிரித்துக்கொண்டேதான் போனை என்னிடம் கொடுத்தாள். ஆனால் மறுநாள் வேலை முடிந்து வந்து பார்த்தால், கேம் பெட்டி ஒரு பழைய துண்டில் சுற்றப்பட்டு அலமாரி மேல் தட்டில் இருக்கிறது.

“விளையாடலையா?”

“எதுக்கு? ஜெயிச்சா புளுகுணி, தோத்தா கெழவி. நான் வெங்காயம் உரிக்கிறன் போங்க.”

அந்த வாரம் முழுக்க வீடு சத்தமில்லாமல் இருந்தது. ஹாரன் சத்தம் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

கார்த்திக்குக்குத் தனியாக போன் போட்டுச் சொன்னேன். “சரிப்பா, நேர்ல காட்டச் சொல்லுங்க. இங்கிருந்தே லைவா பாக்கறேன். ஆனா இந்த மாசத்துக்குள்ள. அப்புறம் கடலோரமா காற்றாலை சைட்டுக்கு வேலைக்குப் போறேன். அங்கே நெட் கிடைக்குமான்னு தெரியாது” என்றான்.

சரோஜாவிடம் சொன்னேன். சற்று நேரம் கழித்துப் பார்த்தால் துண்டு துவைத்துக் கொடியில் காய்கிறது. பெட்டி பழைய இடத்துக்கு வந்துவிட்டது!

இனி என் பாடு.

முதலில் கம்ப்யூட்டரின் வெப்கேமராவை டிவிக்கு எதிரே ஸ்டூல் போட்டு வைத்துப் பார்த்தோம். எங்கள் டிவி பழைய குண்டு டிவி. கேமராவில் பார்த்தால் கறுப்புக் கறுப்பாகப் பட்டை ஓடுகிறது. “என்னப்பா, கருவாட்டைக் காட்டறீங்களா?” என்றான் மகன். அப்புறம் அவனே சொன்னான்: “வீடியோ கேப்சர் கார்டு ஒண்ணு வாங்குங்க. கேம்லேர்ந்து வர்ற படத்தை அது நேரா கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோயிடும். அங்கேயிருந்து நெட்ல எனக்கு அனுப்பிடலாம்.”

கார்டு. எனக்குத் தெரிந்த கார்டுகள் ரேஷன் கார்டு, பஞ்ச் கார்டு, மகன் செல்லில் போடுகிற மெமரி கார்டு. பாகலூர் ரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் கேட்டேன். “டிவி ட்யூனர் கார்டு இருக்குது சார், கம்ப்யூட்டர்ல சீரியல் பாக்கலாம்” என்றார்கள். எனக்கு எதற்கு சீரியல்? எங்கள் ஃபேக்டரி கம்ப்யூட்டர் செக்‌ஷனில் கேட்டேன். “உள்ள சொருகுறதா, வெளிய மாட்டறதா?” என்று ஒருவர். “மொதல்ல உங்க போர்டுல என்ன ஸ்லாட் சார் இருக்கு?” என்று இன்னொருவர். ஒரு கேள்வி கேட்கப் போனால் இரண்டு கேள்விகளோடு திரும்பி வந்தேன்.

நான் பார்க்கும் வேலை பற்றி முன்பே இங்கே எழுதியிருக்கிறேன். இன்கமிங் இன்ஸ்பெக்‌ஷன். வெளியிலிருந்து வருகிற உதிரி பாகங்கள் என் மேஜையைத் தாண்டித்தான் ஃபேக்டரிக்குள் போக முடியும். ட்ராயிங்கில் என்ன எழுத்து இருக்கிறதோ, பாகத்திலும் அதே எழுத்து இருக்க வேண்டும். அதில் பி என்றால் இதிலும் பி. இல்லையென்றால் சிவப்பு ஸ்டிக்கர், திருப்பி அனுப்பு. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கென்று ஓசூர் வந்த நாளிலிருந்து இதைத்தான் செய்கிறேன். ஒரு தலைமுடியைப் பல பங்காக வகுத்து அதில் ஒரு பங்கை அளக்கத் தெரிந்தவனுக்கு ஒரு கார்டு வாங்கத் தெரியாதா?

முறைப்படி இறங்கினேன். கேம் பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தேன். டிவிக்குப் போகிற ஒயர் புறப்படும் இடத்தில் ‘ஏவி அவுட்’ என்று தெளிவாகப் போட்டிருந்தது. ஒயரின் மறுமுனையில் மூன்று பின்கள். மஞ்சள் படத்துக்கு, வெள்ளையும் சிவப்பும் சத்தத்துக்கு. குறித்துக்கொண்டேன். சனிக்கிழமை பெங்களூர் பஸ் ஏறினேன்.

எஸ்.பி. ரோடு போயிருக்கிறீர்களா? ஒரு மனிதன் திரும்ப இடமில்லாத கடைகளில் ஒரு தேசத்துக்கே போதுமான எலெக்ட்ரானிக்ஸ் சாமான்கள் அடுக்கியிருக்கும். ஒரு கடையில் ஏறினேன்.

“ஏன் பேக்கு சார்?” என்றார் கடைக்காரர்.

கன்னடத்தில் ‘பேக்கு’ என்றால் ‘வேண்டும்’. ‘என்ன வேண்டும்’ என்று மரியாதையாகக் கேட்கிறார். நம் தமிழில் பேக்கு என்றால் என்ன என்று உங்களுக்கே தெரியும். இத்தனை வருஷம் எல்லையோரத்தில் இருந்தும், யாராவது என் முகத்தைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னால் எனக்கு ஒரு கணம் சுருக்கென்றுதான் இருக்கிறது.

“வீடியோ கார்டு. மஞ்சள் பின் சொருகுற ஓட்டை இருக்கணும்.”

இரண்டு டப்பாக்களை எடுத்து வைத்தார். “வீடியோ இன் பேக்கா, வீடியோ அவுட் பேக்கா?”

நான் அசரவில்லை. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வந்தவன் அல்லவா? “அவுட்” என்றேன்.

“கன்ஃபர்மா சார்?”

“கன்ஃபர்ம். பெட்டியிலேயே அவுட்னுதான் போட்டிருக்கு.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்து கார்டைப் பொருத்தினேன். மஞ்சள் பின்னைச் சொருகினேன். அளவெடுத்துச் செய்ததுபோல உட்கார்ந்தது. டாலரன்ஸில், அதாவது அளவுப் பிசகில், ஒரு குறையும் சொல்ல முடியாது.

படம் வரவில்லை.

பின்னைக் கழற்றி மாட்டினேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். டிரைவர் சிடியை மறுபடி ஓட்டினேன். கறுப்பு. சுத்தக் கறுப்பு. கருவாடுகூட இல்லை.

சரோஜா வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். “படம் எங்கேயிருந்து வருது?”

“கேம் பெட்டியிலேர்ந்து.”

“எங்க போவுது?”

“கம்ப்யூட்டருக்குள்ள.”

“உள்ள தான போவுது? அப்புறம் ஏன் இந்த ஓட்டையில அவுட்னு போட்டிருக்குது?”

“அங்கேயும் அவுட். இங்கேயும் அவுட். ரெண்டும் மேட்ச் ஆகணும்ல?”

சரோஜாவின் ஊர் உத்தனப்பள்ளி. அவள் அண்ணன் தக்காளி லோடு ஏற்றிக்கொண்டு பெங்களூர் போகிறவர். “எங்கண்ணன் லாரி அத்திப்பள்ளி தாண்டும்போது நம்ம ஸ்டேட்டுக்கு அவுட்டு, அவங்க ஸ்டேட்டுக்கு இன்னு. ரெண்டு பக்கமும் அவுட்டுன்னா லாரி எங்கங்க போய் நிக்கும்?”

நான் கார்டைப் பார்த்தேன். கார்டு என்னைப் பார்த்தது.

இரண்டு வாயில்கள், இரண்டிலிருந்தும் வெளியே வருகிற வழி மட்டும். நான் செய்திருந்தது அதுதான்.

“இத்தன வருசம் இன்கமிங்ல உக்காந்துட்டு...” என்று இழுத்தாள். பிறகு, கடையில் நடந்ததை நான் சொன்னதும், அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவளுக்கு கன்னடம் நன்றாக வரும். “அவர் கேட்டது சரிதாங்க. அவுட் பேக்கா, இன் பேக்கா? எனக்குன்னு வந்து வாச்சது அவுட் பேக்கு!”

துண்டைச் சுற்றி வைத்த நாளுக்குப் பிறகு அவள் இப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான். அதனால் நான் கோபப்படவில்லை.

அடுத்த சனிக்கிழமை மறுபடி பஸ். இந்தத் தடவை ஜன்னலோர சீட். எல்லையில் முதலில் நம் பக்கத்து ‘நன்றி, மீண்டும் வருக’ போர்டு, அதைத் தாண்டி நாலு அடி போனதும் அவர்கள் பக்கத்து ‘வருக’. எத்தனையோ தடவை பார்த்த போர்டுகள்தான். இன்றைக்கு என்னைப் பார்த்துச் சொல்வதுபோலவே இருந்தது.

கடைக்காரருக்கு என்னை ஞாபகம் இருந்தது. “ஈக இன் பேக்கா சார்?” என்று புன்னகைத்தார். ஈக என்றால் ‘இப்போது’. நல்ல மனிதர். மாற்றித் தர ஒப்புக்கொண்டார். ஆனால் கேள்விகள் முடிந்தபாடில்லை. “உங்க மிசின் பாலா, என்டிஎஸ்சியா?”

வீட்டுக்கு போன் போட்டேன். பெட்டியைக் கவிழ்த்துப் பார்க்கச் சொன்னேன். சிறிது நேரம் உருட்டும் சத்தம். “என்னாங்க, அடியில பி, ஏ, எல். பால்னு போட்டிருக்குது.”

“பால்” என்றேன் கடைக்காரரிடம். வீடியோவில் ஏதோ ஒரு ரகமாம். அதற்கு எதற்குப் பால் என்று இருவரிடமும் நான் கேட்கவில்லை. எனக்கும் புரியவில்லை என்பது நமக்குள் இருக்கட்டும்.

“கடைசியா ஒண்ணு சார். உள்ள மாட்டறதா, யுஎஸ்பியில வெளிய மாட்டறதா?”

இதற்கு நான் தயாராகவே வந்திருந்தேன். கார்த்திக் மெயிலில் ஒரு வரி எழுதியிருந்தான்: ‘லேட்டன்சி குறைவாக இருக்கும் கார்டாகப் பார்த்து வாங்குங்கள்.’ லேட்டன்சி என்றால் என்ன? ஆபீஸில் அகராதியைப் புரட்டினேன். ‘மறைந்திருக்கும் தன்மை’ என்றிருந்தது. யோசித்தேன். மறைந்திருக்கும் தன்மை குறைவாக இருக்க வேண்டும். அப்படியென்றால் கார்டு கம்ப்யூட்டருக்குள் ஒளிந்திருக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரிய வேண்டும். சரிதானே?

“வெளிய மாட்டறதே கொடுங்க” என்றேன்.

மறுநாள் ஞாயிறு. திங்கட்கிழமை விடிந்தால் கார்த்திக் சைட்டுக்குக் கிளம்புகிறான். விட்டால் ஆறு மாதமோ, ஒரு வருஷமோ. சரோஜா காலையிலேயே தலைக்குக் குளித்துவிட்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

படுக்கையறையில் கம்ப்யூட்டர். டிவியிலிருந்த மஞ்சள் பின்னைப் பிடுங்கி, நீட்டு ஒயர் போட்டு இழுத்து வந்து புதுக் கார்டுப் பெட்டியில் சொருகினேன். இன். நன்றாகப் பார்த்துத்தான் சொருகினேன்.

படம் வந்தது! சிவப்புக் கார், மலை, எல்லாம் கலரில். நேரலை வெப்சைட்டில் அதை ஏற்றினேன். ஜெர்மனியிலும் தெரிகிறது என்றான் போனில். “தபால் தலை சைஸ்லதான்பா தெரியுது. பரவால்ல.” டிவியில் இப்போது படம் இல்லை என்பதால் சரோஜா கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்தாள்.

முதல் வளைவு. கார் நேராகப் போய்ப் பாறையில் மோதியது.

மறுபடி. இந்தத் தடவை பள்ளத்தில்.

மறுபடி. மரத்தில்.

“இதுதான் ரெக்கார்டு போட்ட கையாம்மா?” என்று ஜெர்மனி சிரித்தது.

“நான் திருப்பறன், அது திரும்ப மாட்டேங்குது! என்னாங்க, இது என் கார் இல்ல!”

அவள் முகம் போன போக்கைப் பார்த்து, அவள் கையிலிருந்த கேம் ரிமோட்டை நான் வாங்கினேன். பட்டனை அழுத்தினேன். ஒன்று என்று சொல்லி வாயை மூடிய பிறகுதான் திரையில் கார் அசைகிறது.

“அப்பா, லேட்டன்சி குறைவா இருக்கிற கார்டுதானே வாங்குனீங்க?”

“குறைவுதான்டா. பாரேன், மேஜை மேல முழுசா வெளிய தெரியுது.”

லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

“அப்பா... லேட்டன்சின்னா தாமதம்.”

அகராதிக்காரரைச் சொல்லிக் குற்றமில்லை. தாமதமும் ஒருவகையில் மறைந்திருக்கிறதுதான்.

வழி என்ன என்று கார்த்திக்கே சொன்னான். படத்தை இரண்டாகப் பிரித்து ஒன்றை டிவிக்கும் ஒன்றை கார்டுக்கும் கொடுக்க வேண்டும். அம்மா டிவியைப் பார்த்து ஓட்டட்டும். அதில் தாமதம் இல்லை. “சத்தமும் எனக்கு வரல. அதையும் பிரிங்க.” பிறகு, விளையாட்டாகத்தான், இன்னொன்றும் சொன்னான். “எல்லாம் சரிப்பா, படம் வந்தா மட்டும் ஓட்டறது அம்மாதான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

சரோஜாவின் காதில் அது விழுந்துவிட்டது. எழுந்து அடுப்படிப் பக்கம் போனாள்.

அவன் கேட்டதும் நியாயம்தானே? என்னை எத்தனை பேர் எத்தனை கேள்வி கேட்டிருப்பார்கள்... உள்ளேயா, வெளியேயா, இன்னா, அவுட்டா, பாலா என்று. யார் ஓட்டுகிறார்கள் என்று காட்ட எந்தக் கார்டில் ஓட்டை இருக்கிறது?

சரி, முதலில் பின்னைப் பிரிப்போம். ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடை இருக்கும்? தெருமுனை மைக் செட் கடை மட்டும் திறந்திருந்தது. கடைக்காரர் முருகேசன் ஒலிபெருக்கிக் குழாய்க்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். ஒன்றை இரண்டாக்குகிற பின் இருக்கிறதா என்று கேட்டேன்.

“இன்னா சார், வூட்ல கண்ணாலமா?”

“இல்லப்பா. ரேஸு.”

“எந்தூர்ல?”

“வீட்டு ஹால்ல.”

முருகேசன் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “இந்தப் பின்னுல பாட்டு ரெண்டாப் பிரியும் சார். படம் பிரியுமான்னு நமக்குத் தெர்ல. எட்த்துட்டுப் போங்க, வரலன்னா திருப்பிக் குடுங்க.” கையில் ஒரு கொத்தாக அள்ளிக் கொடுத்தார்.

பிரிந்தது! இரண்டு பக்கமும் படம் கொஞ்சம் மங்கித்தான் போனது, மேகம் மூடிய மலைபோல. ஆனால் டிவியில் சரோஜா பட்டனை அழுத்தினால் அந்தக் கணமே கார் பாய்ந்தது. “இதுதாங்க என் கார்” என்றாள். ஆனால் குரலில் பழைய வேகம் இல்லை.

அவள் ஹாலில் டிவி முன்னால். நான் படுக்கையறையில் கம்ப்யூட்டர் முன்னால், லைன் அறுந்துவிடாமல் காவல். போனில் கார்த்திக், ஸ்பீக்கரில்.

ஆட்டம் ஆரம்பித்தது.

ஹாலில் ‘பாம்’ என்று ஒரு ஹாரன்.

ஒரு கணம் கழித்து என் கம்ப்யூட்டரில் ‘பாம்’.

இரண்டாவது வளைவு, மூன்றாவது வளைவு. ஹாலில் ‘பாம்’, இங்கே ‘பாம்’. எனக்குத் தலை சுற்றியது. எதிரொலியா, இல்லை நான் ஏதாவது ஒயரைத் தப்பாகச் சொருகிவிட்டேனா? பின்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போது... மூன்றாவதாக ஒரு ‘பாம்’. மெல்ல, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல. போனிலிருந்து. முதல் வளைவு இப்போதுதான் ஜெர்மனி போய்ச் சேர்ந்திருக்கிறது!

“அப்பா” என்றான் கார்த்திக். “ஹாரன்.”

“என்னடா?”

“ஹாரன் அடிக்குதுப்பா! வளைவுல ஹாரன்!” கத்தினான். “அம்மாதான்! உலகத்துல வேற எவன் ரேஸ்ல ஹாரன் அடிப்பான்!”

நான் ஹால் பக்கம் திரும்பி, “சரோஜா, நம்பிட்டான்!” என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவள் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறாள். கவனம் சிதறக் கூடாது.

ஹாலில் ரிமோட்டை ஸ்டூல் மேல் வைக்கிற சத்தம் கேட்டது. சரோஜா வந்து கதவோரம் நின்றாள். அவள் ஓட்டி முடித்துவிட்டாள். என் திரையிலும் கார் எல்லைக்கோட்டைத் தாண்டி நின்றுவிட்டது. போனிலோ, மகன் கடைசி வளைவுகளில் இருந்தான்.

“விடாதம்மா! லெஃப்ட்ல போ! லெஃப்ட்டு! விடாத, விடாத... அய்யோ பாத்தும்மா!”

நான் போனை நோக்கிக் கை நீட்டினேன். ‘முடிஞ்சிடுச்சுடா’ என்று சொல்லத்தான். சரோஜா வேகமாகத் தலையை ஆட்டித் தடுத்தாள். விரலை உதட்டில் வைத்தாள்.

முடிந்துபோன ரேஸுக்கு மகன் ஜெர்மனியிலிருந்து கத்திக்கொண்டிருந்தான். அம்மா கதவில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் ‘விடாதம்மா’ என்று சொல்லும்போதெல்லாம் தலையை மட்டும் மெல்ல அசைத்தாள்.

அப்புறம் அங்கேயும் பட்டியல் வந்தது. அவளுடைய பழைய ரெக்கார்டை அன்றைக்கு அவள் உடைக்கவில்லை. கொஞ்சம் பின்தங்கிவிட்டாள். ஆனால் அவனை முந்திவிட்டாள். பேரைக் கேட்டபோது வழக்கம்போல மூன்று தடவை ஓகே. அதனால் முதலிடம் ஏ ஏ ஏ. இரண்டாமிடமும் ஏ ஏ ஏ. மூன்றாமிடத்தில்...

“நான் மூணாவதா!” என்றது போன்.

“கே ஏ வண்டி மூணாவது” என்றாள் சரோஜா, நிதானமாக.

“அம்மா, நான் சொல்லித் தர்றேன், அந்த ஏவையெல்லாம் மாத்தி உன் பேரைப் போடும்மா.”

“எதுக்குடா? தெரிய வேண்டியவனுக்குத் தெரிஞ்சிடுச்சில்ல. நீ ஸ்வெட்டர் எடுத்து வெச்சியா? கடலோரம் குளிரும்.”

அதற்குப் பிறகு அவர்கள் பேசியதெல்லாம் ஸ்வெட்டர், சாப்பாடு, துணி. நான் பின்களைக் கழற்றி எண்ணி முருகேசனுக்குத் திருப்பிக் கொடுக்க எடுத்து வைத்தேன். சரோஜா பார்த்துவிட்டு, “அது இருக்கட்டும், அவன் மறுபடி நெட் இருக்கிற ஊருக்கு வருவானில்ல” என்றாள். அதனால் அவை இன்னும் டிவிக்குப் பின்னாலேயே தொங்குகின்றன.

எனக்கு ஒன்றுதான் இன்னும் குழப்பம். ஒரே வீடு, ஒரே கார், ஒரே ஹாரன். ஹாலில் அவளுக்கு முதலில், அறையில் எனக்குக் கொஞ்சம் தாமதமாக, வெளிநாட்டில் பிள்ளைக்கு எல்லாவற்றுக்கும் பிறகு... கார்டை மாற்றினால் இது சரியாகிவிடுமா? இல்லை, எந்தக் குடும்பத்திலும் அம்மா முடித்துவிட்டு வந்து நின்ற பிறகுதான் மற்றவர்களுக்குப் படம் தெரிய ஆரம்பிக்குமா? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

நேற்று சாயங்காலம், அவள் சமைத்துக்கொண்டிருந்தபோது, நானும் ரகசியமாக ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்தேன். முதல் வளைவிலேயே பள்ளத்தில் விழுந்தேன்.

அடுப்படியிலிருந்து குரல் மட்டும் வந்தது: “ஹாரன் அடிச்சீங்களா?”